நிறுவனருக்கு ஓட்டு இல்லை

வாங்க அம்மணி, பாத்து வாங்க. பாத்துன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. அங்க ஒரு படி இருக்குது, அதுக்கப்பறம் இன்னொண்ணு. ஆங், குச்சியிலயே தெரிஞ்சுருச்சுங்களா? சரி சரி. வலது கைப் பக்கம் நாற்காலி இருக்குது. அதுல இல்லீங்க, அது தலைவர் நாற்காலி. அதுக்கு அடுத்தது. உக்காருங்க.

அந்தியூர்ல இருந்து தனியாவா வந்தீங்க? ரெண்டு பஸ் மாறி? ஈரோடு பஸ் ஸ்டாண்டுல நானே தடுமாறுவனுங்க. சாவித்திரி, காப்பி ரெண்டு கொண்டா. எங்க வீட்டுக்காரிங்க. சக்கரை போடலாமுங்களா? போடு, போடு.

சுகந்தி அனுப்பிச்சாளா? இல்லீங்களா? நீங்களே விலாசம் விசாரிச்சு வந்தீங்களா? அப்ப நெம்ப சந்தோசம். சொல்லுங்க, என்ன விசயம்.

ம். ம். உங்க போன் புதுசா அப்டேட் ஆனதுல இருந்து காதோலை படிச்சுக் காட்ட மாட்டேங்குது. நாப்பது நாளாச்சு. குரூப் டூ பரீட்சை எழுதறீங்க, பன்னண்டு நாள்தான் இருக்குது. ரெண்டு வருசக் குறிப்பு மொத்தமும் காதோலைக்குள்ள கெடக்குது. அதை அழிச்சுட்டு வேற ஆப் போட்டா குறிப்பும் சேந்து அழிஞ்சு போயிரும். புரியுதுங்க. எனக்குப் புரியாம யாருக்குப் புரியும்? அதை ஆரம்பிச்சவனே நான்தானுங்களே.

ஒரே ஒரு சந்தேகம். சுத்தமா பேசறதில்லையா? ஓ, வரவேற்பு மட்டும் வருதா? "வணக்கம். காதோலைக்கு உங்களை அன்போடு வரவேற்பது, நிறுவனர் குழந்தைவேலு." அது முழுசா வருதுங்களா? இருவத்திரெண்டு நொடியும்? அதுக்கப்பறம்தான் கப்சிப்னு ஆயிருதா? அப்பப் பரவால்ல. நான் முழுசா போயிருச்சோன்னு பயந்துட்டேன். அது என்னோட குரல்தானுங்க. பாலிடெக்னிக்ல ஆண்டு விழாவுக்கு இருவது வருசமா நான்தான் தொகுத்து வழங்கறது. குரல் எப்படி, கணீர்னு இருக்குதில்ல? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆப்பைத் தொறப்பீங்க? நாப்பது தடவையா? நாப்பது தடவையும் கேக்கறீங்களா! கேளு சாவித்திரி. இந்தச் சுகந்தி என்னடான்னா, அதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னா.

நீங்க வந்த விசயத்துக்கு வர்றனுங்க. ஆனா அதுக்கு முன்னால எனக்கு நடந்த அநியாயத்தை நீங்க தெரிஞ்சுக்கோணும். அது தெரியாம இது புரியாது. காதோலையில இப்ப யாருக்கு ஓட்டு இருக்குது தெரியுங்களா? ஒரு மிசினுக்கு. எனக்கு இல்ல. ஆரம்பிச்சவனுக்கு ஓட்டு இல்ல, மிசினுக்கு ஓட்டு இருக்குது. எந்த நாட்டுலயாவது கேட்டிருக்கீங்களா?

ஒம்போது வருசத்துக்கு முன்னால இதே ரூம்புல ஆரம்பிச்சோமுங்க. கண்ணு தெரியாதவங்களுக்குத் தமிழைப் படிச்சுக் காட்ட ஒரு ஆப். இனாம். உள்ள எப்படி எழுதியிருக்குதுன்னு எவன் வேணும்னாலும் பாக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்துக்கலாம். யாருக்கும் சம்பளம் கெடையாது. மொத்தம் ஏழு பேரு, ஏழும் ஏழு ஊருல. நான் பேரு வெச்சேன், நோக்கம் எழுதுனேன், படம் வரைஞ்சு குடுத்தேன். புரோகிராம் எழுதற வேலையெல்லாம் சுகந்தி பாத்துக்கிட்டா. சத்தியமங்கலத்துல இருக்கறா, ரெட்டைப் புள்ளைங்க. புள்ளைங்களைப் பள்ளிக்கோடத்துக்குத் தாட்டி விட்டுட்டு உக்காந்தான்னா மத்தியானத்துக்குள்ள ஒரு வேலை முடிஞ்சுரும். யாராவது "இந்த எடத்துல தப்பாப் படிக்குது"ன்னு சொன்னா பொழுதோட சரி பண்ணி எல்லாத்து போனுக்கும் அனுப்பிருவா. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா ரோசனை பண்ணிப் பாருங்க. ஒரு கூட்டம் கெடையாது. ஒரு தீர்மானம் கெடையாது. தப்பு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னா, அதுக்குப் பேரு நிர்வாகமா?

போன வருசம் ஒரு நாள் ஆப்பைத் தொறக்கறேன், வரவேற்பைக் காணோம். நேரா படிக்க ஆரம்பிச்சுருச்சு. உடனே போன் போட்டு என்னம்மா சுகந்தின்னேன். "ஆமாங்க சார், முந்நூறு பேரு எழுதிக் கேட்டுட்டாங்க, அவசரத்துக்குத் தொறந்தா இருவத்திரெண்டு நொடி காத்திருக்க வேண்டியிருக்குதுன்னு. எடுத்துட்டனுங்க"ன்னா. முந்நூறு பேரு கேட்டாங்களாம். நீங்களும் எழுதுனீங்களா? சேச்சே, நீங்க எழுதியிருக்க மாட்டீங்க.

எனக்கு என் குரல் பெருசில்லீங்க. அதை நல்லாப் புரிஞ்சுக்குங்க. எனக்கு முறைதான் பெருசு. ஒருத்தர் இஷ்டத்துக்கு ஒண்ணை எடுக்கலாம், ஒண்ணைப் போடலாம்னா அது சர்வாதிகாரம். அன்னிக்கே முடிவு பண்ணுனேன், காதோலைக்கு ஜனநாயகம் வேணும்னு. யாரையும் கேக்கல. கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. காலேஜுல மூணு வருசமா எனக்குக் கிளாஸ் கம்மி, சேர்க்கை படுத்துப்போச்சு. ஸ்டாஃப் ரூம்புல உக்காந்து மூணு மாசம் எழுதுனேன். அறுவத்திமூணு விதி. நாப்பத்தியோரு பக்கம். தலைவர், துணைத் தலைவர், அஞ்சு குழு, குறைதீர்ப்பு மன்றம். பதினாலு பதவி, ஆளு ஏழு பேரு, அதனால ஆளுக்கு ரெண்டு. எதிர்க்கட்சி இல்லாம ஜனநாயகம் ஏதுங்க? கரூர் அன்வரை எதிர்க்கட்சித் தலைவரா நானே நியமிச்சேன். தங்கமான பையன். ஆனா எதையும் எதிர்க்க மாட்டான். கடமையைச் செய்யறதில்லைன்னு ரெண்டு தடவை எழுத்து மூலமா எச்சரிக்கை குடுக்க வேண்டியதாப் போச்சு.

முக்கியமான விதி பதினொண்ணு. ஒரு தீர்மானத்தை எல்லாத்துக்கும் அனுப்பி ஏழு நாளைக்குள்ள யாரும் மறுத்து எழுதலைன்னா அது நிறைவேறிருச்சு. நான் அந்த நாப்பத்தியோரு பக்கத்தையும் தீபாவளிக்கு மொத நாள் அனுப்புனேன். ஏழு நாள் ஆச்சு. ஒருத்தர் வாயைத் தொறக்கல. எட்டாம் நாள் ஜனநாயகம் வந்துருச்சு. படிக்கலையா? அதெப்படிங்க, படிக்கலைன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்? சுகந்தி புள்ளைங்களுக்கு அப்பக் காய்ச்சல்னு பின்னால சொன்னா. காய்ச்சலுக்கு விதியில எடமில்லை.

காப்பி எடுத்துக்குங்க. உங்க முன்னாலதான் இருக்குது, டம்ளர் சூடு.

நான் விதி எழுதிக்கிட்டிருந்த சமயம் பாத்து உங்க ஆளுங்க, அதாவது பார்வையற்றோர் சங்கத்துல இருந்து, ஒரு கடுதாசி. காதோலையைப் பயன்படுத்தறவங்களுக்கும் ஓட்டு வேணுமாம். பதினோராயிரம் பேரு! நீங்க தப்பா நெனைக்கக் கூடாது அம்மணி, உங்களைச் சொல்லல. பஸ்ஸுல டிக்கெட் எடுத்தவனெல்லாம் ஸ்டியரிங்கைப் புடிச்சா வண்டி எங்க போயி நிக்கும்? அதனால ரோசனை பண்ணி இருவத்தாறாம் விதியை எழுதுனேன். மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க. "கடந்த பன்னிரண்டு மாதத்தில், நிலைத்து நிற்கும் பத்துத் திருத்தங்களையாவது செய்துள்ள ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாக்கு. நிறுவனரே ஆனாலும் இதற்கு விலக்கு இல்லை." அந்தக் கடைசி வரியை எழுதறப்ப எனக்கே புல்லரிச்சுப் போச்சு. சாவித்திரியைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுனேன். அவ, "உங்களுக்கு எத்தனை திருத்தம் இருக்குது?"ன்னு கேட்டா. அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

மொதத் தீர்மானமா வரவேற்பைத் திரும்பப் போடோணும்னு கொண்டு வந்தேன். வாக்காளர் பட்டியல் அப்ப வரல, ஏழு பேரும் ஓட்டுப் போட்டோம். எதிர்ப்பு ஆறு, ஆதரவு ஒண்ணு. தோத்துட்டேன். சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுபோச்சுங்க, எங்க ஜனங்க இன்னும் ஜனநாயகத்துக்குப் பக்குவப்படல. பக்குவப்படற வரைக்கும் பலமான தலைவர் ஒருத்தர் வேணும். தேர்தல் அறிவிச்சேன். விதிப்படி வாக்காளர் பட்டியல் தானா தயாராகி வந்துச்சு. ஏழு பேரு. நாங்க ஏழு பேரு. கணக்குச் சரியா இருக்குதுன்னு மூடி வெச்சுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, என் பேரு எத்தனாவதுன்னு ஆசையாத் தேடறேன். இல்ல! மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. இல்ல. ஏழாவது யாருன்னு பாத்தா, எடுபிடி.

எடுபிடின்னா ஆளு இல்லீங்க. அன்வர் எழுதி வெச்ச சின்ன மிசினு, கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடறது. எழுதுன எடத்துல தேவையில்லாம காலி வரி இருந்தா அழிக்கும், விண்ணப்பத்துல எல்லாக் கட்டமும் பூர்த்தியாயிருந்தா "ஏற்கப்பட்டது"ன்னு முத்திரை குத்தும். அவ்வளவுதான். வேலை செய்யறதுக்கு வசதியா உறுப்பினர்னு ஒரு கணக்குத் தொறந்து வெச்சிருந்தாங்க. வருசத்துக்கு ஆயிரத்தி நூறு திருத்தம் பண்ணியிருக்குது. நான் "உறுப்பினர்"னு எழுதுனனே தவிர, "மனுசன்"னு எழுதாம விட்டுட்டேன். எனக்கு எத்தனைன்னு கேக்கறீங்களா? நான் மேற்பார்வைங்க. மேற்பார்வைக்குத் திருத்தம்னு கணக்கு வராது.

குறைதீர்ப்பு மன்றத்துக்கு மனு போட்டேன். மன்றத் தலைவர் நான்தான். ஆனா மனுதாரரே நீதிபதியா இருக்கக் கூடாதுன்னு முப்பத்தெட்டாம் விதி. எழுதுனவன் நானு, மீற முடியுமா? விலகிட்டேன். மன்றத்துல அடுத்தது சுகந்தி. அவ சொன்னா, "சார், மனுவெல்லாம் எதுக்குங்க. சின்னதா பத்துத் திருத்தம் பண்ணுங்க, நாங்க சேத்துக்கறோம். தெரியலைன்னா நான் சொல்லித் தர்றேன்." சொல்லித் தர்றாளாம். எனக்கு! இருவத்தஞ்சு வருசமா புரோகிராமிங் பாடம் எடுத்தவனுக்கு! உங்களுக்குக் கோவம் வருதில்ல? வரோணும்.

சரி, பத்துத்தானே, யார் தயவும் வேண்டாம்னு நானே உக்காந்தேன். பெரிய வேலையில கை வெச்சு ஏதாவது கெட்டுப்போச்சுன்னா கெட்ட பேராகிப் போயிரும். அதனால அடக்கமா, ஒரு எடத்துல ஒரு காலி வரி சேத்தேன். பாக்கறதுக்குக் கண்ணுக்குக் குளுமையா இருக்கும். திருத்தம் ஒண்ணு. ரெண்டு நிமிசங்க. எடுபிடி வந்து அழிச்சுட்டுப் போயிருச்சு. "தேவையற்ற காலி வரி நீக்கப்பட்டது." இன்னொரு எடத்துல சேத்தேன். அழிச்சுருச்சு. நானும் விடல. ஒரு சனிக்கெழமை பூரா, சோறு எறங்காம, நாப்பது தடவை சேத்தேன். நாப்பது தடவையும் அழிச்சுது. பொழுதோட பாத்தா எனக்கு நிலைச்சு நிக்கற திருத்தம் பூச்சியம். எடுபிடிக்கு நாப்பது கூடியிருக்குது!

அன்வர் பதறிப்போயி, "சார், அதை நிறுத்தி வெச்சுடட்டுமா?"ன்னான். முடியாதுன்னுட்டேன். ஒரு வாக்காளரோட உரிமையை நிறுத்தி வெக்கறதுக்கு மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும். அது வேற விதி.

தேர்தலுக்கு வர்றேன். வாக்காளருக்குத்தான் தகுதி எழுதியிருந்தேன், வேட்பாளருக்கு எழுதல. நல்ல வேளை. வேட்பு மனு போட்டேன், ஒரு கட்டம் விடாம பூர்த்தி பண்ணி. எதிர்த்து நில்லுங்கன்னு எல்லாத்துகிட்டயும் கெஞ்சுனேன். போட்டி இருந்தாத்தானே மரியாதை? சுகந்தி, "எங்களுக்கு வேலை இருக்குதுங்க சார்"ன்னு ஒரே வரி எழுதுனா. அன்வர் அதுகூட எழுதல. ஏழு நாள் ஆச்சு. ஆறு பேரு ஓட்டே போடல. எடுபிடி மட்டும் வந்து பாத்துச்சு, கட்டமெல்லாம் பூர்த்தியாயிருக்குது, "ஏற்கப்பட்டது"ன்னு குத்திருச்சு. பதிவான ஓட்டு ஒண்ணு, எனக்கு விழுந்தது ஒண்ணு. மறுப்பு இல்ல. ஏகமனதாத் தலைவர் ஆயிட்டேன். அந்த நாற்காலி அப்ப வாங்குனதுதான்.

மறுநாள் ஆறு பேரும் போயிட்டாங்க.

சண்டை இல்ல, சத்தம் இல்ல. எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்துக்கிட்டு, நல்லோசைன்னு பேரு வெச்சு, தனிக்குடித்தனம். யாரு வேணும்னாலும் நகல் எடுக்கலாம்கறது எங்க சட்டம், தடுக்க முடியல. எடுபிடியை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆனா ஒண்ணை எடுக்க முடியல. உங்க போனுக்குள்ள இருக்கற காதோலை, என்னோட முத்திரைச் சாவி போட்டு வர்ற திருத்தத்தைத்தான் ஏத்துக்கும். சாவின்னா ரகசிய எழுத்துங்க, இதோ, இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குது. முன்ன சுகந்தி கிட்டயும் இருந்துச்சு, தலைவரான அன்னிக்கே வாங்கி வெச்சுட்டேன். அவ என்னதான் கெட்டிக்காரின்னாலும் இந்தச் சாவி இல்லாம உங்க போன்ல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது.

ஆமாங்க. உங்க கோளாறுக்குத் திருத்தம் வந்துருச்சு. போன் அப்டேட் வந்த அன்னிக்கே சுகந்தி எழுதி எனக்கு அனுப்பிட்டா. இங்கதான் இருக்குது. நாப்பது நாளா இருக்குது. நான் சும்மா இருந்தேன்னு நெனைச்சுக்காதீங்க. ஆறு கூட்டம் போட்டிருக்கேன். ஒரு திருத்தம் வெளிய போகோணும்னா கூட்டத்துல நாலு ஓட்டு வேணும். ஆறு கூட்டத்துக்கும் வந்தது நான் ஒருத்தன். எடுபிடி உள்ள இருக்குது. போதுமான பேரு வரலைன்னு நானே எழுதி, நானே ஒத்தி வெச்சு, நானே கையெழுத்துப் போட்டேன். குறிப்பேடு இருக்குது, பாக்கறீங்களா? சாரி. வேணும்னா படிச்சுக் காட்டறேன்.

உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். நீங்க உறுப்பினராச் சேருங்க. பத்துத் திருத்தம் பண்ணுங்க. உங்க சிநேகிதங்க ரெண்டு பேரைச் சேத்து விடுங்க, அவங்களும் பத்துப் பத்து. எடுபிடியோட சேத்தா நாலு. அப்பறம் ஏழு நாள் நோட்டீஸ் குடுத்துக் கூட்டம். எப்படியும் ரெண்டு மாசத்துல... ஆமா, பரீட்சை பன்னண்டு நாள்ல. சொன்னீங்க. அடுத்த பரீட்சைக்குக் கண்டிப்பா ஆயிரும். வயசு வரம்பா? ஓ. இதுதான் கடைசி தடவையா.

என்ன கேட்டீங்க?

வரவேற்பா. அது... ஆமாங்க, அதை நான் தலைவரானதும் திரும்பப் போட்டேன். கூட்டம் போடல. ஓட்டு எடுக்கல. அது வேறங்க அம்மணி. அது மரபு சம்பந்தப்பட்டது, தலைவரோட தனி அதிகாரம். அம்பத்தேழாம் விதி, அவசர காலம். இருவத்திரெண்டு நொடிக்கு என்ன அவசரம்னு கேட்டா என்ன சொல்றது? ஆமாங்க, ஒரு பட்டன்தான். அமுத்துனா அஞ்சு நிமிசத்துல போயிருச்சு. எல்லாத்துக்கும்.

நீங்க பேச்சு கம்மி, ஆனா நல்லாக் கேக்கறீங்க.

சரி, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. சுகந்தி அனுப்புன திருத்தத்துல என் வரவேற்பு இல்ல, கடைசியா வேற ஒரு வரி இருக்குது. ஆப்பைத் தொறந்ததும் படிக்கும். "இனிமேல் காதோலையில் வேலை நடக்காது. நல்லோசைக்கு மாறிக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்புகளை எடுத்துச்செல்ல இங்கே தொடுங்கள்." என் சாவியைப் போட்டு, என் ஆப்புல இருந்து, எல்லாத்தையும் அந்தப் பக்கம் போங்கன்னு சொல்லோணும். அந்த வரியை எடுத்துரும்மான்னு கேட்டேன். "பின்ன அவங்க குறிப்பையெல்லாம் எப்படிங்க சார் காப்பாத்தறது?"ன்னா. அவ சொல்றதும் நெசந்தான்.

தினம் காலையில எந்திரிச்சதும் நான் ஒரு நம்பரைப் பாப்பேன். காதோலை எத்தனை பேரு போன்ல இருக்குதுன்னு. பதினோராயிரத்தி எரநூத்தி நாப்பது. காலேஜுல என் கிளாஸுல ஒம்போது பசங்க. அதுல நாலு பேரு தூங்குவாங்க. ஆனா எனக்குப் பதினோராயிரம் பேரு இருக்கறாங்கன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அந்தப் பட்டனை அமுத்துனா அது நாளைக்கு எட்டாயிரம் ஆகும், நாளான்னிக்கு ஆயிரம் ஆகும். அப்பறம் நானும் எடுபிடியும்தான். பயமா இருக்குதுங்க அம்மணி. அவ்வளவுதான் விசயம். விதியெல்லாம் அப்பறம்.

என்னது? படிச்சுக் காட்டறதா?

பையில அச்சடிச்ச கைடு இருக்குதா. குடுங்க. யப்பா, கல்லு கணக்கா கனக்குதே. அறுநூறு பக்கமா? காதோலை பேசற வரைக்கும் நான் படிக்கோணும். தினம் பத்து மணிக்கு வந்துருவீங்க. அட, இதுல என்னங்க இருக்குது! இதைத்தானே நான் வாழ்நாள் பூரா செஞ்சேன். குரலுக்கா பஞ்சம்? சாவித்திரி, அந்த அடுப்புச் சத்தத்தைக் கொறை. கேளுங்க. "தமிழ்நாட்டின் மண் வகைகள். வண்டல் மண், கரிசல் மண், செம்மண்..." இந்தச் செம்மண்ணைப் பத்தி ஒரு விசயம் சொல்றேன், எங்க தாத்தா காலத்துல... வேண்டாமா? வெறுமனே படிச்சாப் போதுமா? சரி. "வண்டல் மண் ஆற்றுப் படுகைகளில்..."

இன்னும் வேகமாவா? இதைவிடவா? "ஆற்றுப்படுகைகளில் காணப்படுகிறது இதில் சுண்ணாம்பு..." இன்னுமா? காதோலையை நீங்க இதைப்போல மூணு மடங்கு வேகத்துலயா கேப்பீங்க? மூணு மடங்கா? அப்படியே கேட்டு மனசுல பதியுமா? எனக்குத் தெரியாதுங்க. ஒம்போது வருசத்துல யாரும் சொல்லல. சொல்லியிருப்பாங்க, சுகந்தி கிட்டச் சொல்லியிருப்பாங்க.

"...இரும்பு ஆக்சைடு இருப்பதால்..." தண்ணி குடு சாவித்திரி. எத்தனை பக்கம் ஆச்சுங்க? பதிமூணா? ஒரு மணி நேரமாப் படிக்கறேன், பதிமூணா? இந்த நேரத்துக்குக் காதோலையில எவ்வளவு முடிச்சிருப்பீங்க? நாப்பதா. தொண்டை வறண்டு போச்சுங்க. உங்களுக்கு அலுக்கவே இல்லையே. மறுபடியுமா? செம்மண் பத்தியை மறுபடியும் மொதல்ல இருந்தா?

மூடி வெக்கறனுங்க. போதும்.

கூட்டம் போடறேன். ஆமா, இப்பவே. அவசரக் கூட்டம். குறிப்பேடு எங்க வெச்சேன்... இதோ. முன்மொழிபவர், குழந்தைவேலு. வழிமொழிபவர்... உங்க பேரு என்னங்க? ஒண்ணரை மணி நேரமா உக்காந்திருக்கீங்க, நான் கேக்கவே இல்ல பாருங்க. யசோதா. வழிமொழிபவர் யசோதா, அந்தியூர். தீர்மானம், சுகந்தியின் திருத்தத்தைக் கடைசி வரியோட சேத்து வெளியிடறது. கையைத் தூக்குங்க. ஒண்ணு. எடுபிடி, கட்டமெல்லாம் பூர்த்தியாயிருக்குது, குத்திருச்சு. ரெண்டு. சாவித்திரி, கையைத் தூக்கு. எதுக்கா? சொல்றேன், தூக்கு. கரண்டியைக் கீழ வெச்சுட்டுத் தூக்கு. மூணு. நீங்க ரெண்டு பேரும் பட்டியல்ல இல்லதான், இருக்கட்டும். நாலாவதுக்குத்தான்... எனக்குத்தான் ஓட்டு இல்லையே.

என்ன சொன்னீங்க? உங்க ஓட்டு போக, எனக்குன்னு ஒண்ணு நீங்க குடுக்கறீங்களா? எனக்கா?

ஆகட்டுங்க. யசோதா குடுத்த ஓட்டுன்னு எழுதிக்கறேன். நாலு. நிறைவேறிருச்சு.

மத்தவங்களுக்கு அஞ்சு நிமிசத்துல தானாப் போயிரும். உங்களுக்கு நேராவே ஏத்தி விடறேன், போனைக் குடுங்க. இந்த ஒயரை மாட்டிக்கறேன். அமுத்தியாச்சு. ஓடுது. முப்பது... அறுவது... வந்துருச்சுங்க. தொறந்து பாருங்க. பாருங்கன்னு மறுபடியும் சொல்லிட்டேன்.

அய்யோ, என்னங்க இது இவ்வளவு வேகம்? டைப் அடிக்கற மாதிரி ஓடுது. தமிழா இது? கடைசி வரியைச் சொல்லிருச்சா? அந்த நல்லோசைன்னு வர்றது? எப்பச் சொல்லுச்சு? எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலீங்களே. குறிப்பெல்லாம் இருக்குதுங்களா? அத்தனையும் இருக்குதா? சிரிக்கறீங்க. வந்ததுல இருந்து இப்பத்தான் சிரிக்கறீங்க.

காப்பி ஆறிப்போச்சு, வேற போடச் சொல்லட்டுமா? அந்தியூருக்கு மூணு மணிக்கு ஒரு வண்டி இருக்குது, அது வரைக்கும் இங்கயே இருக்கலாம். நாளைக்கு இனி வர மாட்டீங்க, இல்லீங்களா? அம்மணி? யசோதாம்மா, கேக்குதுங்களா?

ஓ, காதுல மாட்டிக்கிட்டீங்களா. சரி, சரி. படிங்க. நான் பேசலீங்க.